சுத்தியும் குறடும்

எங்கள் வீட்டில் மாதா படம் மாட்டியிருந்த சுவரில், படத்துக்கு ஒரு சாண் தள்ளி இன்னொரு ஆணி உண்டு. அதில் நைனாவின் குறடு தொங்கும். கம்பெனியில் கொடுத்த குறடு கம்பெனியோடு சரி. இது அவருடைய சொந்தக் குறடு, ஷூ வேலை கற்றுக்கொடுத்த மேஸ்திரி தந்தது. மூக்கு ஒரு பக்கமாகக் கிளி அலகு போல வளைந்திருக்கும். அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஓர் இரும்புக் குமிழ். கால் மாதிரி கடைந்த கட்டைமேல் தோலை மாட்டி, விளிம்பை வளைந்த மூக்கால் கவ்வி இழுக்க வேண்டும். இழுத்த பிடி தளர்வதற்குள் ஆணியை வைத்து அந்தக் குமிழாலேயே ஒரு தட்டு. கட்டையை லாஸ்ட் என்பார்கள், வேலைக்கு லாஸ்டிங் என்று பெயர். நைனாவின் வாயில் எப்போதும் ஏழெட்டு ஆணி இருக்கும். நாக்கால் ஒன்றொன்றாகத் தலைப்பக்கம் திருப்பி உதட்டுக்குக் கொண்டுவருவார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுகூட அவர் உதடு தானாக அசைவதைப் பார்த்திருக்கிறேன். செபம் சொல்கிறார் என்று ஊரார் நினைத்தார்கள். ஆணி திருப்புகிற பழக்கமாகவும் இருந்திருக்கலாம்.

ஷூ கம்பெனிக்கு வருவதற்கு முன் அவர் ஷாப்பில் இருந்தார். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தோல் பதனிடும் இடத்துக்கு ஷாப்பு என்றுதான் பெயர். பன்னிரண்டு வயதில் பட்டை இடிக்கப் போனவர். அப்போது ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். பிறகு வாட்டில் பட்டை மூட்டை மூட்டையாக வந்ததாம். அதற்குப் பிறகு குரோமியம் வந்து, தோலெல்லாம் நீலமாகி, பட்டைக்கிடங்கில் வேலை குறைந்தது. அவரைச் சுண்ணாம்புக் குழிக்கு மாற்றினார்கள். முடி கழல்வதற்காகச் சுண்ணாம்பில் ஊறப்போட்ட தோல், தண்ணீர் குடித்து ஆள் கனம் கனக்கும். அதை இழுத்து மேலே போட்டுப் போட்டு அவர் விரலிடுக்கெல்லாம் வெந்து வெடித்திருந்தது. ராத்திரியில் அம்மா சிமினி வெளிச்சத்தில் உட்கார்ந்து தேங்காயெண்ணெய் தடவுவாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார். சாப்பிடும்போது குழம்பு பட்டால் எரியும் என்று அவருக்கு நான்தான் சோறு பிசைந்து தருவேன்.

1970களில் பாதி பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தது. இனி தோலை முழுசாக முடித்து அனுப்பு, ஷூவாகச் செய்து அனுப்பு என்றது. எங்கள் பக்கத்தில் ஷூ கம்பெனிகள் பெருகியதற்கு அது ஒரு முக்கியமான காரணம். நைனாவுக்கும் அந்த வழியில்தான் ஒரு நாற்காலியும் மேசையும் கிடைத்தன. அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. சலேத் மாதா செய்த உதவி என்றுதான் கடைசிவரை சொன்னாள்.

சலேத் மாதா எங்களுக்குப் புது மாதா. வேலூர் மறைமாவட்டத்துக்காரர்களுக்கு லூர்து மாதாதான் சொந்தம். பஞ்ச காலத்தில் தாராஸ் சாமியார் அலைந்து திரிந்த சேத்துப்பட்டில் இருப்பதும் லூர்து மாதா கோயில்தான். எங்கள் கோயில் வளாகத்திலும் ஒரு கெபி இருந்தது. கருங்கல்லை அடுக்கி, சிமெண்டு பூசி, குகை மாதிரி குடைந்து, மேலே மாதாவும் கீழே முழந்தாளிட்ட பெர்நதெத்தும். என்னோடு படித்த லுத்தரன் பையன் ஒருநாள் கேட்டான், "உங்க மாதா ஏன்டா குகையில நிக்கறாங்க? வூடு இல்லையா?" எனக்குப் பதில் தெரியவில்லை. நைனாவிடம் கேட்டேன். "அந்தப் பொண்ணு வெறகு பொறுக்கப் போன எடம் அது. மாதா அங்கதான் வந்தாங்க. நம்ம எங்க வேலை செய்றோமோ அங்க வருவாங்க" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஷாப்புக்குள்ள வந்த மாதிரி தெரியல" என்று மெதுவாகச் சொன்னார். அவர் கை ரொம்ப மோசமாக இருந்த வருஷம் அது.

அம்மாவின் அக்கா, என் பெரிம்மா, கொடைக்கானலில் ஒரு கன்னியர் மடத்துச் சமையலறையில் வேலை செய்தாள். நீல இன்லண்டு லெட்டரில் யாரையாவது எழுதச் சொல்லி அனுப்புவாள். "அவர் கைக்காக சலேத் மாதாவிடம் வேண்டியிருக்கிறேன், வேறு வேலை கிடைத்தால் குடும்பத்தோடு வந்து வணங்க வேண்டும்" என்று அதில் ஒன்றில் இருந்தது. வேலை கிடைத்தது. மூன்று வருஷம் காசு சேரவில்லை. 1987 காலாண்டுப் பரீட்சை லீவில்தான் கிளம்பினோம். எனக்குப் பதினோரு வயது.

ஆம்பூரிலிருந்து சேலம், அங்கிருந்து திண்டுக்கல், பிறகு வத்தலக்குண்டு வழியாக மேலே. அம்மா புளிசோறு கட்டியிருந்தாள். வெள்ளித் தகட்டில் செய்த சின்னக் கை ஒன்றை வாங்கி முந்தானையில் முடிந்திருந்தாள். நைனா வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்தில் பவுடர் போட்டிருந்தார். சேலம் பஸ்ஸில் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் மூக்கைச் சுளித்து எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். ஷாப்பை விட்டு மூன்று வருஷமாகியிருந்தது. வாசனை போகவில்லையா, அல்லது நாங்கள் பேசிய பேச்சில் ஆம்பூர் என்று கண்டுகொண்டாரா, தெரியவில்லை. நைனா ஜன்னல் பக்கம் நகர்ந்து, என்னை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். அவர் கை என் தோளில் இருந்தது. சேலம் வரும்வரை எடுக்கவில்லை.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் காது அடைத்தது. ஆம்பூரைச் சுற்றியும் மலை உண்டு. வெயிலில் காய்ந்து, பாறை துருத்திக்கொண்டு நிற்கிற மொட்டை மலைகள். இப்படி மரமும் தண்ணீருமாக ஒரு மலையை நான் பார்த்ததில்லை. ஊத்தில் பஸ் நின்றது. ஒரு பாட்டி கூடையில் மலைவாழைப்பழம் விற்றாள், தோல் கறுத்து, உள்ளே தேன் மாதிரி. பெருமாள்மலை தாண்டியதும் மேகம் பஸ்ஸுக்குள் வந்தது. அம்மா ஜெபமாலையை எடுத்துவிட்டாள், பயத்தில். வெள்ளி நீர்வீழ்ச்சியில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். நைனா மட்டும் எதிர்ப்பக்கம் சரிவில் நின்ற மரங்களையே பார்த்துக்கொண்டு வந்தார்.

பெரிம்மா மூஞ்சிக்கல்லில் ஓர் அறையில் இருந்தாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. அடுப்புக்கு முன்னால் எங்களை வரிசையாக உட்காரவைத்து, உருளைக்கிழங்கும் மிளகும் போட்ட குழம்பு ஊற்றினாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் குளிர் இல்லை. எங்கள் தெருவுக்குப் பின்னால் ஷாப்பு டிரம் ராப்பகலாகச் சுற்றும். ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மரப்பீப்பாய், உள்ளே தோலும் தண்ணீரும் தொபுக் தொபுக்கென்று விழும். பிறந்ததிலிருந்து அதைக் கேட்டே தூங்கியவன். இங்கே அது இல்லை. ரொம்ப நேரம் காதுக்குள் அது ஓடிக்கொண்டே இருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. நின்ற பிறகுதான் கூரையில் பனி சொட்டுவது கேட்டது.

காலையில் கோயிலுக்கு நடந்தோம், மேடான பாதை. ஆகஸ்டு 14, 15 தேதிகளில் வந்திருந்தால் தேரும் சப்பரமும் கூட்டமுமாக நிற்க இடமிருந்திருக்காது என்று பெரிம்மா சொல்லிக்கொண்டே வந்தாள். நாங்கள் போனது செப்டம்பர் கடைசி. கோயிலில் ஒருவருமில்லை. 1866-இல் லூயி சேன் சீர் என்ற பிரெஞ்சு சேசு சபைச் சாமியார் கட்டிய கோயில் அது. சீக்காகக் கிடந்து மாதாவை வேண்டிப் பிழைத்தவர், நன்றிக்காகக் கட்டினார் என்று பெரிம்மா சொன்னாள். நைனா அதைக் கேட்டதும் நின்று, "சாமியாருக்கும் பொருத்தனையா?" என்று கேட்டார். அந்தச் செய்தி அவருக்கு ஏதோ தைரியம் கொடுத்த மாதிரி இருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு உள்ளே போனார்.

உள்ளே இருந்த அமைதியை எப்படிச் சொல்வது. மெழுகுதிரி எரிகிற சத்தம் கேட்டது. எரியும் திரிக்குச் சத்தம் உண்டு என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். வாசல் வழியாகப் பனி ஒரு முழம் உள்ளே வந்து, தரையோடு நின்று, திரும்பிப் போனது. வெளியே யூகலிப்டஸ் இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. அம்மா வெள்ளிக் கையை முந்தானையிலிருந்து அவிழ்த்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டாள். நைனா பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்தார். வீட்டுக் கோயிலிலும் அவர் கடைசி வரிசைதான்.

பெரிம்மா என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஜெபப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்துக் காட்டினாள். ஓரமெல்லாம் மழுங்கிய சின்னப் படம். ஒரு பெண் பாறைமேல் உட்கார்ந்து, முழங்காலில் முழங்கையை ஊன்றி, முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தாள்.

"யாரு பெரிம்மா?"

"மாதாடா. அழுவறாங்க."

மாதா அழுவாள் என்று எனக்குத் தெரியாது. எங்கள் கெபியில் அவள் கைகூப்பி மேலே பார்த்து நிற்பாள். சிலுவையடி மாதாவின் கண்ணில் நீர் இருக்கும், ஆனால் அது மகனுக்காக. இது மலைமேல், தனியாக, முகத்தை மூடிக்கொண்டு, எங்கள் தெருப் பெண்கள் ரேஷன் கிடைக்காத நாளில் வாசற்படியில் உட்கார்ந்திருப்பது போல.

பெரிம்மா தணிந்த குரலில் சொன்னாள். பிரான்சு தேசத்தில் பெரிய மலை, அதில் சலேத் என்று ஓர் ஊர். 1846 செப்டம்பர் 19, சனிக்கிழமை. மெலனி என்று பதினாலு வயதுப் பெண், மாக்சிமின் என்று பதினோரு வயதுப் பையன், இரண்டு பேரும் மாடு மேய்க்கிறவர்கள். மத்தியானம் சாப்பிட்டு அசந்து தூங்கி, எழுந்து மாட்டைத் தேடிப் போகும்போது ஒரு வெளிச்சம், வெளிச்சத்துக்குள் இந்த அம்மா. அந்த வருஷம் உருளைக்கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது, கோதுமையும் பூஞ்சாணம் பிடித்தது. சனங்கள் கடவுளை மறந்துவிட்டார்கள், அதனால் அழுகிறேன் என்றாளாம். முதலில் பிரெஞ்சில் பேசினாள். பிள்ளைகளுக்கு அது சரியாகப் புரியவில்லை என்றதும் அவர்கள் வீட்டில் பேசுகிற பேச்சுக்கு மாறிவிட்டாள். "நம்மகிட்ட வந்தா நம்ம பேச்சுலதான் பேசுவாங்க" என்றாள் பெரிம்மா.

அப்புறம் அவள் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவே இல்லை. அழுகிப்போன கோதுமையைப் பார்த்திருக்கிறாயா என்று மாதா மாக்சிமினிடம் கேட்டாள். இல்லை என்றான். பார்த்திருக்கிறாய், ஒருநாள் உன் அப்பாவோடு ஒரு வயலுக்குப் போனாய், அங்கே கதிரைக் கையில் தேய்த்ததும் தூளாகிப்போனது, திரும்பும் வழியில் உன் அப்பா உனக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்தார், அடுத்த வருஷம் யாருக்கு ரொட்டி கிடைக்குமோ என்று கவலைப்பட்டார் என்று மாதா எடுத்துச் சொன்னாளாம். அந்த அப்பா வண்டிச் சக்கரம் செய்கிற ஆசாரி, கோயில் பக்கமே போகாதவர். வழியில் மகனுக்கு ரொட்டி கொடுத்ததை மாதா பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டதும் அவர் மனசு மாறிப்போனார்.

நைனாவுக்குக் கம்பெனியில் சாயங்காலம் டீயும் ஒரு பன்னும் கொடுப்பார்கள். பாதியை அவர் சாப்பிடுவார். மீதிப் பாதியைத் தாளில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்து எனக்குக் கொண்டுவருவார். ஷூ ஒட்டுகிற சொல்யூஷன் வாசனை அதில் ஏறியிருக்கும். எனக்குப் பன்னின் வாசனையே அதுதான் என்று நினைப்பு. பெரிம்மா ரொட்டிக் கதையைச் சொன்னதும் நான் திரும்பிப் பார்த்தேன். நைனா கேட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசையிலிருந்து எழுந்து எங்களுக்குப் பின் வரிசைக்கு எப்போது வந்தார் என்று தெரியவில்லை.

பெரிம்மா இன்னொரு படம் எடுத்தாள். இதில் மாதா நின்றுகொண்டிருந்தாள். நெஞ்சில் பாடுபட்ட சுரூபம்.

"அதுக்கு ரெண்டு பக்கமும் இன்னா கீது, சொல்லு பாக்கலாம்."

நான் படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சிலுவையின் குறுக்குக் கட்டையில் ஒரு பக்கம் சுத்தி. மறு பக்கம் குறடு. "நைனா, உன் குறடு!" என்று கத்திவிட்டேன். கோயில் முழுக்க எதிரொலித்தது. அம்மா திரும்பிப் பார்த்தாள்.

நைனா கை நீட்டிப் படத்தை வாங்கினார். விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாகத் தழும்பு. ஒரு சாமானை வாங்கும்போது பார்ப்பாரே அப்படி, வாசல் வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தார். பெரிம்மா ஞான உபதேசத்தில் கேட்டதைச் சொன்னாள்: நம் பாவம் சேசுவை அறைகிற சுத்தி, நம் மனஸ்தாபம் அந்த ஆணியைப் பிடுங்குகிற குறடு. நைனா தலையாட்டினார். ஆனால் அவர் பார்த்தது வேறு.

"இது லாஸ்டிங் குறடு இல்ல" என்றார். "நேர் மூக்கு. ஆணி புடுங்கறது." பிறகு எனக்குச் சொல்கிற மாதிரியும் சொல்லாத மாதிரியும் மெதுவாகப் பேசினார். ஆணி அடிப்பது பாதி வேலைதான். அடிப்பலகையில் தோல் ஒட்டிப் பசை காய்ந்ததும் அடித்த ஆணியை எல்லாம் பிடுங்க வேண்டும். எண்ணி அடித்ததை எண்ணிப் பிடுங்க வேண்டும். "ஒன்னு உட்டுட்டாலும் போடறவன் கால்ல ஏறும். அவன் யாரோ, எந்த ஊரோ, நம்மள வையக்கூடாது."

படத்தைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அம்மா வெள்ளிக் கையைப் போட்டுவிட்டு வந்தாள், ஜெபமாலை சொல்லி முடித்தாள், நான் வெளியே போய்ப் பனியில் விளையாடிவிட்டு வந்தேன். அவர் அப்படியே இருந்தார். உதடு அசையவில்லை. என் பதினோரு வயதில் அவர் உதடு அசையாமல் உட்கார்ந்து அன்றுதான் பார்த்தேன். அவர் கன்னம் நனைந்திருந்தது. துடைத்துக்கொள்ளவும் இல்லை.

ஒன்பது வருஷம் கழித்து, 1996 ஆகஸ்டு 28-இல், தோல் ஷாப்புக் கழிவைப் பற்றி வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. நிலத்தையும் நீரையும் கெடுத்தவரே அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்றது. அப்போது பேப்பரில் பாலாற்றங்கரைக் கிணறுகளைப் பற்றி, உப்பாகிப்போன தண்ணீரைப் பற்றி, விளையாத வயலைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பாறைமேல் முகத்தை மூடி உட்கார்ந்திருந்தவள்தான் நினைவுக்கு வந்தாள். எங்களுக்குச் சோறு போட்டதும் அந்தத் தோல்தான், எங்கள் ஆற்றைக் கொண்டுபோனதும் அந்தத் தோல்தான். இரண்டையும் ஒரே வாயால் சொல்ல வேண்டியிருக்கிறது. நைனா அந்தப் பேப்பரை என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டார். "சுண்ணாம்புத் தண்ணிய நான் எவ்ளோ தள்ளியிருப்பேன் கால்வாயில" என்று மட்டும் சொன்னார்.

கொடைக்கானலில் அன்று கோயிலிலிருந்து இறங்கும்போது வெயில் வந்திருந்தது. பாதையோரச் சரிவில் மெல்லிய இலையோடு மரங்கள் நெருக்கமாக நின்றன. பஸ்ஸில் வரும்போது நைனா பார்த்துக்கொண்டு வந்த அதே மரம். அவர் பாதையை விட்டு இறங்கி ஒரு மரத்துக்கிட்டே போனார். வெட்டுப்பட்ட கிளை ஒன்று கிடந்தது. அதன் பட்டையை நகத்தால் கிளறி, ஒரு விரல் நீளத்துக்கு உரித்து, மூக்கில் வைத்தார். பிறகு வாயில் வைத்துக் கடித்தார்.

"இன்னா நைனா அது?"

"வாட்டில்."

வெளிநாட்டிலிருந்து வந்துகொண்டிருந்த பட்டையை நம் நாட்டிலேயே எடுக்கலாமென்று வனத்துறை நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டில் நட்டதை நான் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். புல்வெளியையும் சோலையையும் அந்த மரம் விழுங்கிவிட்டது என்று இன்று வருத்தப்படுகிறார்கள், அந்த வருத்தம் நியாயமானது. நைனாவுக்கு அன்று அது எதுவும் தெரியாது. ஷாப்பில் மூட்டையிலிருந்து கொட்டி இடித்த பட்டை, அதன் மரத்தை நாற்பது வயதில் முதல்முறையாகப் பார்க்கிறார். மரத்தை அண்ணாந்து உச்சிவரை பார்த்தார். "இவ்ளோ ஒசரமா" என்றார்.

எனக்கும் ஒரு துண்டு கொடுத்தார். கடித்தேன். வாயெல்லாம் சுருங்கி, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. துப்பினேன். "அப்பிடித்தான் தோலையும் புடிக்கும்" என்று அவர் சிரித்தார். பெரிம்மாவும் அம்மாவும் மேட்டில் நின்று கூப்பிட்டார்கள். ஈரப் பட்டை நாலைந்து துண்டை அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அதோடு மாதா படத்தையும் வைத்துக்கொண்டார். பெரிம்மா படத்தைக் கேட்கவில்லை.

திரும்பி வருகிற பஸ்ஸில் அவர் பக்கத்தில் யார் உட்கார்ந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. நான் அவர் மடியில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன். ஆம்பூரில் இறங்கும்போது விடிகாலை, டிரம் சத்தம் கேட்டது. அம்மா அன்றைக்கே சட்டையைத் துவைத்தாள். படத்தின் ஓரம் பட்டைச் சாற்றில் பழுப்பேறியிருந்தது. சட்டைப்பையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. சவுக்காரம், எலுமிச்சம்பழம், வெயில், எதற்கும் போகவில்லை. புதுச் சட்டை எடுத்துத் தருகிறேன் என்று அம்மா தீபாவளிக்குத் தீபாவளி சொன்னாள். அவர் அந்தச் சட்டையைத்தான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போட்டுக்கொண்டு போனார், காலர் கிழியும்வரை.